சேலத்துச் சிறுவர்கள் அடிக்கடி கேட்கும் உலகக் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் சனிக்கிழமை மாலைகளில் சிறுவர்களுக்காக நாங்கள் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். அதில் விலங்குகள், உணவுகள், புகழ்பெற்ற கட்டடங்கள், பிற நாட்டு வழக்கங்கள் ஆகியவை குறித்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நாங்கள் தேடிச் சரிபார்த்துச் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். உலக அதிசயம் என்றதும் பிள்ளைகளின் மனம் தொலைதூரத்துக்கு ஓடிவிடுகிறது. ஆனால் மிகச் சிறந்த கேள்விகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மலைப்பாதையிலிருந்துமே வந்திருக்கின்றன. ஆகவே, பதில்களையும் கூடுமானவரை அங்கிருந்தே தொடங்கியிருக்கிறோம்.

தட்டுவடை செட் எந்த நாட்டு உணவு?

சேலத்து உணவுதான், அதில் ஐயமே வேண்டாம். ஆனால் அந்தச் சிறிய தட்டில் இருப்பவை எங்கெங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதி உலகத்தைச் சுற்றிவர வேண்டியிருக்கும். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவி வைக்கப்படும் பீட்ரூட் மத்தியதரைக் கடலோரத்தைச் சேர்ந்த செடியின் வழிவந்தது. கேரட், இன்றைய ஆப்கானிஸ்தானும் ஈரானும் உள்ள பகுதியில் முதன்முதலில் பயிரிடப்பட்டது. அப்போது அது ஊதா நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும்தான் இருந்தது. நாம் இன்று காணும் ஆரஞ்சு நிறக் கேரட் 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நெதர்லாந்தில் பரவலாகி, அங்கிருந்து பிற நாடுகளுக்குச் சென்றது. சட்னியில் சேரும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை.

இவற்றுள் மிளகாயின் கதைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவரும் வரை இந்நாட்டில் எவரும் மிளகாயைச் சுவைத்ததில்லை. அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்தவை மிளகும் திப்பிலியும்தான். புதிதாக வந்த காயும் மிளகைப் போலவே உறைத்ததால், நம் முன்னோர் அதற்கு ‘மிளகு காய்’ என்று பொருள்படும்படி மிளகாய் என்று பெயரிட்டனர். அது விருந்தாளியாக வந்த செய்தி அதன் பெயரிலேயே பதிந்திருக்கிறது. மிளகாயின் தாயகமான மெக்சிகோவில், மக்காச்சோள மாவில் தட்டிப் பொரித்த மொறுமொறுப்பான வட்டத்தின்மேல் காய்களும் காரச் சட்னியும் வைத்துத் தரும் ‘டோஸ்டாடா’ என்ற உணவு உண்டு. அதைப் படத்தில் பார்த்த சேலத்துக் குழந்தை ஒவ்வொன்றும் “இது நம்ம தட்டுவடை!” என்றே சொல்லியிருக்கிறது.

ஜவ்வரிசி மரத்தில் காய்க்கிறதா, வயலில் விளைகிறதா?

இரண்டும் இல்லை, அது ஆலையில் உருட்டி எடுக்கப்படும் மாவு மணி. சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில், வெள்ளை விரித்தாற்போன்ற சிமென்ட் களங்களில் காய்ந்துகொண்டிருப்பது இதுவே. நம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளிக்கிழங்கின் தோலை நீக்கி, அரைத்து, அதன் பாலைத் தொட்டிகளில் தேக்கினால் மாவு அடியில் படியும். ஈரமான அந்த மாவைக் குலுக்கி மணிகளாக்கி, சூடான தட்டுகளில் வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி கிடைக்கிறது. ஆனால் உலகில் முதலில் ‘சேகோ’ என்று அழைக்கப்பட்டது இதுவன்று. நியூ கினியிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் வளரும் ஒருவகைப் பனை மரத்தின் தண்டைப் பிளந்து, அதனுள் இருக்கும் மென்மையான சோற்றுப்பகுதியை நீரில் அலசி எடுக்கும் மாவுக்கே அப்பெயர் உரியது. அத்தீவு மக்களில் பலருக்கு இன்றும் அதுவே அன்றாட உணவு. இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கிலிருந்து வந்த சேகோ தடைப்பட்டதையடுத்து, சேலத்தில் மரவள்ளி மாவைக்கொண்டு இந்தத் தொழில் வேரூன்றியது.

மரவள்ளியும் வெளியூர்ச் செடிதான். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்த இக்கிழங்கை, 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மக்களிடையே பரப்பினார். இதன் சில வகைகளில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் மிகுதியாக இருப்பதால், பச்சையாகத் தின்னவே கூடாது. அமேசான் காட்டு மக்கள் இதற்கு மிக அழகான ஒரு வழியைக் கண்டறிந்திருக்கின்றனர். ஓலைப்பட்டைகளால் பின்னிய, பாம்பைப் போல நீண்ட குழல் ஒன்றில் துருவிய கிழங்கைத் திணித்து, அதை மரத்தில் தொங்கவிட்டு, கீழ் முனையைப் பிடித்து இழுப்பார்கள். குழல் நீளும்போது குறுகி, நஞ்சுள்ள சாற்றை முழுவதும் பிழிந்துவிடும். ‘டிப்பிட்டி’ எனப்படும் அந்தக் குழலுக்குத் திருகாணியோ சக்கரமோ எதுவும் தேவையில்லை. இன்று நகரத்துக் கடைகளில் குழந்தைகள் விரும்பிக் கேட்கும் ‘பபிள் டீ’யின் கருநிற உருண்டைகளும் இதே மரவள்ளி மாவில் செய்யப்படுபவைதான், அந்தப் பானம் 1980களில் தைவானில் தோன்றியது.

விலங்கின் கழிவிலிருந்து காபி செய்வது உண்மையா?

உண்மைதான். இந்தோனேசியாவில் ‘கோப்பி லுவாக்’ என்ற பெயரில் அது விற்கப்படுகிறது. அந்த விலங்கு வேறெதுவுமன்று; நம் காபித் தோட்டங்களில் இரவில் உலவும் மரநாய்தான். நன்கு பழுத்த காபிப் பழங்களாகத் தேர்ந்து தின்னும் மரநாய், சதையைச் செரித்துக் கொட்டையை அப்படியே வெளியேற்றிவிடுகிறது. அதைப் பொறுக்கிக் கழுவி வறுக்கின்றனர். விலை ஏறியதும், மரநாய்களைப் பிடித்துச் சிறு கூண்டுகளில் அடைத்து, காபிப் பழத்தை மட்டுமே உணவாகக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. காட்டில் தனியே திரியும் விலங்குக்கு அது பெருங்கொடுமை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

காபியின் தாயகம் எத்தியோப்பியா. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவரால் ஏற்காட்டு மலைக்குக் காபிச் செடி வந்தது. எத்தியோப்பியாவில் விருந்தினர் வந்தால், பச்சைக் காபிக்கொட்டையை அவர்கள் கண்முன்னே வறுத்து, புகையின் மணத்தை முகரச் செய்து, இடித்து, ‘ஜெபெனா’ என்னும் மண்குடுவையில் கொதிக்கவைத்து, மூன்று முறை ஊற்றித் தருவார்கள். மூன்றாவது சுற்றின் பெயர் ‘பரக்கா’. ஆசி என்று பொருள். அதற்கு முன் எழுந்து செல்வது மரியாதை ஆகாது. கொறிப்பதற்குப் பெரும்பாலும் சோளப்பொரி வைப்பார்கள்.

வெனிலா என்பது பூவா, பழமா, வெறும் வாசனையா?

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்காவைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஐஸ்கிரீம் கேட்ட குழந்தைகளிடம், “இப்போது பார்த்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடிதான் உங்கள் ஐஸ்கிரீமில் இருக்கிறது” என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. வெனிலா, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஓர் ஆர்க்கிட் கொடி. அதன் பூ ஒரே ஒரு நாள் காலையில் விரிந்து அன்றே வாடிவிடும்; அதற்குள் மகரந்தச் சேர்க்கை நடந்தால்தான் காய் பிடிக்கும். மெக்சிகோவில் அந்த வேலையை அங்குள்ள தேனீக்கள் செய்தன. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை மட்டும் எடுத்துச் சென்று இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் நட்டபோது, கொடி செழித்துப் பூத்ததே தவிர காய்க்கவில்லை.

அத்தீவில் அடிமையாகப் பிறந்து வளர்ந்த எட்மண்ட் என்ற 12 வயதுச் சிறுவன், 1841இல் ஒரு மெல்லிய குச்சியால் பூவினுள் மகரந்தத்தையும் சூல்முடியையும் பிரிக்கும் சவ்வை விலக்கி, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தினான். சில நொடிகளில் முடிந்துவிடும் அந்தச் செயல், படித்த அறிஞர்களால் எளிமையாக்க முடியாமல் இருந்த ஒரு சிக்கலைத் தீர்த்தது. தோட்ட முதலாளிகள் அவனை ஊர் ஊராக அழைத்துச் சென்று பிற அடிமைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தனர். தீவு செல்வம் கொழித்தது. அவனுக்கோ எதுவும் கிடைக்கவில்லை. 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது எட்மண்ட் அல்பியஸ் என்ற முழுப்பெயர் பெற்ற அவர், 1880இல் வறுமையிலேயே இறந்தார். இன்று உலகுக்கு மிகுதியாக வெனிலா தரும் மடகாஸ்கர் தோட்டங்களிலும், ஒவ்வொரு பூவையும் தொழிலாளர்கள் அந்தச் சிறுவன் காட்டிய முறையிலேயே கையால் தொட்டுச் சேர்க்கின்றனர். பச்சைக் காய்க்கு மணமே கிடையாது; மாதக்கணக்கில் பதப்படுத்திய பிறகுதான் மணம் பிறக்கிறது. அதனால்தான் விலை அதிகம். அதனால்தான் கடையில் கிடைக்கும் பெரும்பாலான வெனிலா ஐஸ்கிரீம்களில் ஆலையில் செய்த வாசனையே சேர்க்கப்படுகிறது.

நம் ஊரைப் போலத் தீமிதி வேறு நாடுகளில் உண்டா?

உண்டு. மேலே சொன்ன ரீயூனியன் தீவிலேயே உண்டு. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானோர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். தமிழைப் பெரும்பாலும் மறந்து, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி பேசும் அவர்களுடைய வழித்தோன்றல்கள், திரௌபதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு இன்றும் பூக்குழி இறங்குகின்றனர். பிஜி நாட்டின் பெக்கா தீவில் பழங்குடியினர் நெருப்பில் சூடேற்றிய கற்களின்மீது நடக்கின்றனர். கிரேக்க நாட்டின் வடபகுதிச் சிற்றூர்கள் சிலவற்றில் மே மாதம் புனிதர் திருநாளன்று தணலில் ஆடுகின்றனர். ஆடி மாதம் சேலத்து மாரியம்மன் கோவில்களில் கூட்டத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பெருவியப்பைத் தருகிறது.

ஏற்காட்டில் பார்க்கும் காட்டெருமை, அமெரிக்கக் காட்டெருமை இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. மாலையில் காபித் தோட்டங்களை ஒட்டி மேயும் இந்த விலங்கு, பெயரில் எருமை என்று இருந்தாலும் எருமையைவிடப் பசுவுக்கே நெருங்கிய உறவு. சங்க இலக்கியம் இதை ‘ஆமா’ என்று குறிப்பிடுகிறது. ‘ஆ’ என்றால் பசு என்பது உங்களுக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற நிறமும், முதுகில் மேடாக எழும் முகடும் இதன் அடையாளங்கள். காட்டில் வாழும் மாட்டினங்களில் உலகிலேயே பெரியது இதுதான். வளர்ந்த காளை ஒரு டன் எடைகூட இருக்கும். அருணாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் மக்கள் போற்றி வளர்க்கும் ‘மிதுன்’ மாடு இதன் வீட்டு வடிவம். அங்கே ஒருவரிடம் எத்தனை மிதுன் உள்ளது என்பதே அவருடைய செல்வத்தின் அளவு.

அமெரிக்கப் பைசன் தலையிலும் தோளிலும் அடர்ந்த மயிர் கொண்ட, வேறொரு விலங்கு. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த அவை, 19ஆம் நூற்றாண்டில் தோலுக்காகவும், அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளைப் பணியவைப்பதற்காகவும் சுட்டுத் தள்ளப்பட்டு, அந்நூற்றாண்டின் இறுதியில் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன. பிறகு காக்கப்பட்டு மீண்டும் பெருகின. ஏற்காட்டில் காட்டெருமையைக் கண்டால் அசையாமல் நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். படம் எடுக்க அருகில் போகாதீர்கள்.

மலையில் பூவின்முன் பறந்தபடி நிற்கும் சின்னஞ்சிறு பறவை ஹம்மிங் பறவையா?

இல்லை, அது தேன்சிட்டு. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. பின்னோக்கியும் பறக்கவல்ல அவற்றுள் மிகச் சிறியது கியூபாவில் உள்ளது. அதன் எடை ஏறத்தாழ இரண்டு கிராம்தான்.

சதுரமாகச் சாணம் போடும் விலங்கு உண்டா?

ஆஸ்திரேலியாவின் வாம்பட். அதன் குடல் சுவர் சில இடங்களில் விறைப்பாகவும் சில இடங்களில் நெகிழ்வாகவும் இருப்பதால், கழிவு கனசதுரமாக வடிவெடுக்கிறது. கல்லின்மேலும் மரக்கட்டையின்மேலும் வைத்துத் தன் எல்லையைக் குறிக்கும் வாம்பட்டுக்கு, உருண்டு ஓடாத சாணம் வசதியானது. இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை.

சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியுமாமே?

தெரியாது. இது பல புத்தகங்களில் அச்சாகிப் பரவிய தவறு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். எல்லா அரச மரபுகளும் கட்டிய பகுதிகளைச் சேர்த்து 21,196 கிலோமீட்டர் நீளம் என்று அளக்கப்பட்ட அந்தச் சுவரின் அகலம் சில மீட்டர்கள்தான். ஓமலூர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலை அதைவிட அகலமானது. ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலவிலிருந்து சுவர் தெரியுமென்றால், நம் சாலையும் தெரிந்தாக வேண்டும். 2003இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரரான யாங் லிவெய், பூமிக்கு மிக அருகில் சுற்றியும் தன்னால் சுவரைக் காண முடியவில்லை என்று திரும்பி வந்து வெளிப்படையாகக் கூறினார். தன் நாட்டின் பெருமையைவிட, கண்ணால் கண்டதைச் சொல்வதே சரி என்று அவர் கருதியதை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்.

இதே போல, நெருப்புக்கோழி பயந்தால் மணலில் தலையைப் புதைத்துக்கொள்ளும் என்பதும் தவறு. தரையில் தோண்டிய குழியில் இட்ட முட்டைகளை அது அலகால் திருப்பிவிடும்போது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றும். தங்கமீனின் நினைவு மூன்று நொடிதான் என்பதும் தவறு; பழக்கிய செயலை அது மாதக்கணக்கில் மறப்பதில்லை.

ஈபிள் கோபுரம் கோடையில் வளருமா?

வளரும், குளிர்காலத்தில் மீண்டும் குறையும். இரும்பு சூடானால் நீளும் என்பதே காரணம். கஞ்சமலையில் இரும்புத் தாதும் அடிவாரத்தில் உருக்காலையும் உள்ள ஊரில் பிறந்த பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் இரும்பு, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். கோபுரத்தின் இரும்பு உயரத்தை 300 மீட்டர் என்றும், குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே இரும்பின் வெப்ப வேறுபாட்டை 40 டிகிரி என்றும் கொண்டு பெருக்கினால், 144 மில்லிமீட்டர் வரும். அதாவது 14 சென்டிமீட்டருக்கும் மேல், ஏறக்குறைய ஒரு பென்சிலின் நீளம். 1889இல் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்டு, 20 ஆண்டுகளில் பிரித்துவிடுவதாக இருந்த அந்தக் கோபுரத்தை, உச்சியில் பொருத்திய வானொலிக் கம்பிகளின் பயன்தான் காப்பாற்றியது.

மேட்டூர் அணைக்குள் கோவில் இருப்பது போல வேறெங்காவது உண்டா?

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டு நீர் தேங்கியபோது, பழைய ஊர்கள் பல மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் ஒரு தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் பலர் சென்று பார்த்திருப்பார்கள்.

எகிப்தில் நைல் நதியின் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டத் தொடங்கியபோது, அபு சிம்பெல் என்ற இடத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ராம்செஸ் மன்னன் மலையைக் குடைந்து அமைத்த கோவில்களுக்கும் இதே நிலை வரவிருந்தது. பல நாடுகள் பணமும் ஆட்களும் தந்து உதவ, 1964 முதல் 1968 வரை அந்தக் கோவில்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்பாளங்களாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில், பழைய இடத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி, மீண்டும் பொருத்தினர். வாசலில் அமர்ந்திருக்கும் நான்கு சிலைகள் ஒவ்வொன்றும் 20 மீட்டர் உயரம். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாள்களை ஒட்டி, காலைக் கதிர் கோவிலின் கருவறை வரை நுழைந்து அங்குள்ள நான்கு உருவங்களில் மூன்றின்மீது விழும்; இருளோடு தொடர்புபடுத்தப்படும் தெய்வமான ப்தாவின்மீது மட்டும் விழாது. சூரிய ஒளி மூலவர்மீது படும் கோவில்களை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம் அல்லவா? இடம் மாற்றிய பொறியாளர்கள் அந்த ஒளிவழியையும் சிதையாமல் காத்ததுதான் எங்களை மிகவும் நெகிழச் செய்தது.

எல்லா நாட்டிலும் புத்தாண்டு ஜனவரியில்தானா?

இல்லை. நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் அதே நாள்களில் தாய்லாந்தில் ஒருவர்மீது ஒருவர் நீரூற்றி ‘சொங்கிரான்’ கொண்டாடுகின்றனர். அச்சொல் நம் சங்கராந்திதான். எத்தியோப்பியாவில் ஆண்டுக்கு 13 மாதங்கள். கடைசி மாதத்தில் ஐந்து அல்லது ஆறு நாள்களே உண்டு. அவர்களுடைய புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கிறது.

விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவது நம் ஊரில் மட்டும்தானா?

பாட்டி சொல்லிக் கொடுத்தபடி பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்த பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். ஜப்பானில் கீழ்வரிசைப் பல்லைக் கூரைமேலும், மேல்வரிசைப் பல்லை வீட்டுத் தரைக்கு அடியிலும் எறிவார்கள். புதுப் பல் பழைய பல் போன திசையில் நேராக வளரும் என்பது நம்பிக்கை. கொரியாவில் கூரைமேல் எறிந்து, புதுப் பல் கொண்டுவரும்படி பறவையிடம் கேட்பார்கள். ஸ்பெயினில் தலையணைக்கு அடியில் வைத்தால் ஓர் எலி வந்து எடுத்துக்கொண்டு பரிசு வைத்துவிட்டுப் போகும். பல நாட்டுப் பல் கதைகளில் எலி வருவதற்குக் காரணம் இருக்கிறது: எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

சேலத்தில் இருப்பவற்றுள் மிகப் பழமையானது எது?

கோட்டையும் கோவில்களும் அல்ல; ஏற்காட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பக்கவாட்டில் தெரியும் கரும்பாறைதான். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி ‘சார்னோக்கைட்’ என்னும் பாறையால் ஆனது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இந்தப் பாறை வகைக்குப் பெயர் வந்தது, கொல்கத்தாவில் உள்ள, ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல்லால். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது. உலகிலேயே உயரமான இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. நம் மலையின் பாறை உருவானபோது பூமியில் விலங்கு இல்லை, மரம் இல்லை, புல்கூட இல்லை. காற்றில் நாம் மூச்சு விடுமளவுக்கு ஆக்சிஜனும் இல்லை. கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. அடுத்த முறை பேருந்து வளைவில் மெதுவாகத் திரும்பும்போது, சன்னல் வழியே அந்தப் பாறையை நன்றாகப் பாருங்கள்.